செயற்கைக்கோளும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது

பிளஸ் ஒன் இயற்பியல் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி: "எறிந்த கல் பரவளையத்தில் போகிறது என்கிறது ஒரு பாடம். செயற்கைக்கோள் வட்டத்தில் சுற்றுகிறது என்கிறது இன்னொரு பாடம். கோள்கள் நீள்வட்டத்தில் போகின்றன என்று கெப்ளர் விதி சொல்கிறது. மூன்றையும் இழுப்பது அதே ஈர்ப்பு விசைதானே, பிறகு ஏன் மூன்று விதமான பாதை? கல் விழுகிறது, செயற்கைக்கோள் ஏன் விழவில்லை? மையவிலக்கு விசை அதைத் தாங்கிப் பிடிக்கிறது என்று சொல்வது சரியா?"

இந்தக் குழப்பத்துக்குப் பாடங்களின் வரிசையும் ஒரு காரணம். எறிபொருள் இயக்கம் ஆண்டின் தொடக்கத்தில் வந்துவிடுகிறது. ஈர்ப்பியல் பல மாதம் தள்ளி வருகிறது. நடுவே வட்ட இயக்கத்துக்கென்று தனிச் சூத்திரம். மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தாலும் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் மூன்றும் ஒரே இயக்கம் என்பது கண்ணில் படாமலே போய்விடும். ஆகவே சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோளும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. கல்லுக்கும் அதற்கும் வேகத்தில்தான் வேறுபாடு, வகையில் இல்லை.

கல்லிலிருந்து தொடங்குவோம். 4.9 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல்லைக் கையிலிருந்து நழுவ விட்டால் சரியாக ஒரு நொடியில் தரையைத் தொடும். அதே உயரத்திலிருந்து கிடையாக நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வீசினாலும் ஒரு நொடிதான். நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் சுட்டாலும், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், அதே ஒரு நொடிதான். கிடைத்திசையில் எவ்வளவு வேகமாகப் போனாலும் விழுவதற்கு அது தெரியாது. கலிலியோ சரிவுப் பலகைகளில் குண்டுகளை உருட்டி, அடுத்தடுத்த சம நேர இடைவெளிகளில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடுவதைக் கண்டார். 1638இல் அவர் வெளியிட்ட முடிவு இதுதான்: பக்கவாட்டில் சீரான வேகம், கீழ்நோக்கி இப்படி வளர்ந்துகொண்டே போகும் வீழ்ச்சி, இரண்டையும் சேர்த்தால் கிடைப்பது பரவளையம்.

இந்த முடிவுக்குள் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. தரை தட்டையானது என்பது ஒன்று. ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில், ஒன்றுக்கொன்று இணையான கோடுகளில் கீழ்நோக்கி இழுக்கிறது என்பது மற்றொன்று. நூறு மீட்டர் தூரம் பறக்கும் கிரிக்கெட் பந்துக்கு இரண்டும் பழுதில்லாத அனுமானங்கள். பந்து கிளம்பிய இடத்தில் "கீழே" என்பதும் விழுந்த இடத்தில் "கீழே" என்பதும் ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வேறுபடாது. ஆனால் பூமி தட்டை இல்லை. பெரிய தூரங்களுக்குப் போனதும் இரண்டு அனுமானங்களும் உடைகின்றன. உங்கள் கேள்விக்கான விடை முழுவதும் அந்த உடைப்பில்தான் இருக்கிறது.

பூமியின் ஆரம் சுமார் 6,371 கிலோமீட்டர். ஓர் இடத்திலிருந்து கிடையாக நேர்கோடு போட்டுக்கொண்டே போனால், 8 கிலோமீட்டர் தள்ளிப் போகும்போது தரை அந்தக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 5 மீட்டர் கீழே இறங்கியிருக்கும். ஒரு நொடியில் எந்தப் பொருளும் விழும் தூரம் 4.9 மீட்டர். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு கல்லை நொடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வேகத்தில் கிடையாக வீச முடிந்தால், ஒரு நொடியில் அது 4.9 மீட்டர் விழும். அதற்குள் தரையும் அதே அளவு கீழே வளைந்திருக்கும். தரைக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளி மாறவே இல்லை. அடுத்த நொடியும் இதே கதை. துல்லியமாகக் கணக்கிட்டால் அந்த வேகம் நொடிக்கு 7.9 கிலோமீட்டர். சுற்றுப்பாதை என்பது இதுதான்: விழுந்துகொண்டே இருப்பது, ஆனால் தரையைத் தவறவிட்டுக்கொண்டே இருப்பது.

நியூட்டன் இதை ஓர் உயர்ந்த மலையுச்சியிலிருந்து கிடையாகச் சுடப்படும் குண்டாகக் கற்பனை செய்தார். வேகத்தைக் கூட்டக் கூட்டக் குண்டு மேலும் மேலும் தள்ளி விழும். ஒரு கட்டத்தில் விழாமல் பூமியைச் சுற்றிவந்து சுட்ட இடத்துக்கே திரும்பும். அந்தப் படம் அவர் இறந்த மறு ஆண்டு, 1728இல் அச்சானது. நடைமுறையில் காற்று விடாது. தரைமட்டத்தில் அந்த வேகத்தில் போகும் எதுவும் எரிந்துபோகும். அதனால்தான் செயற்கைக்கோளைக் காற்று மிக மெலிந்த உயரத்துக்குக் கொண்டுபோகிறோம். உயரம் தேவைப்படுவது காற்றிலிருந்து தப்பிக்க. ஈர்ப்பிலிருந்து தப்பிக்க அல்ல. இந்த ஒரு வேறுபாடு பிடிபடாததால்தான் "மேலே போனால் ஈர்ப்பு இல்லை" என்ற தவறான எண்ணம் இத்தனை பரவலாக இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டர் சொச்ச உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் நொடிக்கு நொடி 8.7 மீட்டர் அளவுக்கு இருக்கிறது. தரையில் 9.8. பத்தில் ஒன்பது பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு.

1961ஆம் ஆண்டின் இரண்டு பயணங்களைப் பார்த்தால் இது தெளிவாகும். ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் பறந்தார். 23 நாள் கழித்து, மே 5 அன்று அமெரிக்காவின் ஆலன் ஷெப்பர்ட் பறந்தார். ஷெப்பர்ட் எட்டிய உச்ச உயரம் சுமார் 187 கிலோமீட்டர். ககாரினின் பாதையில் மிகத் தாழ்வான இடமும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். ஆனால் ஷெப்பர்ட் கால் மணி நேரத்தில், கிளம்பிய இடத்திலிருந்து 500 கிலோமீட்டருக்குள் கடலில் இறங்கிவிட்டார். ககாரின் பூமியையே சுற்றிவந்தார். உயரம் ஒன்றாக இருந்தும் ஏன் இப்படி? ஷெப்பர்டின் அதிகபட்ச வேகம் நொடிக்கு 2.3 கிலோமீட்டர். ககாரினுடையது 7.8. ஒருவர் எறிபொருள், மற்றவர் துணைக்கோள். இருவரையும் பிரித்தது பக்கவாட்டு வேகம் ஒன்றுதான்.

ராக்கெட்டின் உழைப்பில் பெரும்பகுதியும் அந்தப் பக்கவாட்டு வேகத்துக்கே செலவாகிறது. ஒரு கிலோகிராம் பொருளை 400 கிலோமீட்டர் உயரத்துக்கு வெறுமனே தூக்கிவைக்க ஏறத்தாழ 3.7 மெகாஜூல் போதும். அங்கே சுற்றுவதற்கான வேகத்தைக் கொடுக்க 29 மெகாஜூலுக்கு மேல் வேண்டும், எட்டு மடங்கு. ஏவப்பட்ட ராக்கெட் சில நிமிடங்களில் வானில் சாய்ந்து கடல்பக்கமாக ஓடுவதைப் பார்த்து "வழி தவறிவிட்டதோ" என்று சிலர் கேட்பார்கள். ஏறுவதைவிட ஓடுவதே அதற்குப் பெரிய வேலை.

இதே காரணத்தால் ஏவுதளம் எங்கே இருக்கிறது என்பதும் பெரிய விஷயமாகிவிடுகிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் நிலநடுக்கோட்டில் தரையே நொடிக்கு 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் அது 450 மீட்டர் அளவில் இருக்கும். கிழக்கு நோக்கி ஏவினால் அந்த வேகம் இலவசம். துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குத் தெற்கு நோக்கி ஏவும்போது வேறொரு சிக்கல்: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேரே தெற்கே போனால் வழியில் இலங்கை. மக்கள் வாழும் நிலத்தின் மேல் போகக் கூடாது என்பதால் ராக்கெட் ஒதுங்கிப் போய்ப் பிறகு வளைகிறது. நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒன்றைத் திசை திருப்ப எரிபொருள் நிறையச் செலவாகும். அந்த அளவுக்குச் சுமக்கும் எடை குறையும். சின்ன ராக்கெட்டுக்கு இந்த இழப்பு தாங்காது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோ இரண்டாவது ஏவுதளம் அமைப்பதற்கு முக்கியக் காரணம் இதுவே: அங்கிருந்து தெற்கே திறந்த கடல்தான். 2024 பிப்ரவரியில் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள்.

இனி வட்ட இயக்கம். மையநோக்கு முடுக்கத்துக்கு ஒரு சூத்திரம் படித்திருப்பீர்கள்: வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுக்க வேண்டும். இதைத் திசையன் படம் போட்டு நிறுவுவார்கள். எனக்குப் பிடித்தது வேறு வழி, ஏனென்றால் அதில் எறிபொருள் பாடமே திரும்ப வருகிறது. வட்டத்தில் போகும் ஒரு பொருள், இழுவிசை எதுவும் இல்லாவிட்டால், தொடுகோட்டில் நேராகப் போயிருக்கும். மிகச் சிறிய நேரத்தில் அது தொடுகோட்டில் கடந்திருக்கக்கூடிய தூரம், வேகம் பெருக்கல் நேரம். அந்தத் தொடுகோட்டின் நுனிக்கும் வட்டத்துக்கும் உள்ள இடைவெளி, அந்தத் தூரத்தின் இருமடியை விட்டத்தால் வகுத்தால் வருவது. 8 கிலோமீட்டருக்குத் தரை 5 மீட்டர் இறங்குகிறது என்று மேலே சொன்னதும் இதே கணக்குத்தான். இப்போது இந்த இடைவெளியை "விழுந்த தூரம்" என்று எடுத்துக்கொள்ளுங்கள். விழுந்த தூரம் என்றால், முடுக்கத்தில் பாதியை நேரத்தின் இருமடியால் பெருக்குவது. இரண்டையும் சமன்படுத்தினால் நேரம் இரு பக்கமும் அடிபட்டுப்போகும். மிஞ்சுவது: முடுக்கம் என்பது வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தது. ஒரு தாளை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள், நான்கு வரிதான். வட்ட இயக்கம் என்பது மையத்தை நோக்கி விடாமல் விழுவது என்பதை அந்தச் சூத்திரமே சொல்லிவிடும்.

நியூட்டன் நிலாவைச் சோதித்ததும் இப்படித்தான். நிலாவின் தூரம் சுமார் 3,84,400 கிலோமீட்டர், பூமியின் ஆரத்தைப் போல 60 மடங்கு. ஒரு சுற்றுக்கு 27.3 நாள். ஆக வேகம் நொடிக்கு 1.02 கிலோமீட்டர். அதன் இருமடியை ஆரத்தால் வகுத்தால் முடுக்கம் நொடிக்கு நொடி 0.0027 மீட்டர். அதாவது நிலா ஒரு நொடியில் நம்மை நோக்கி 1.36 மில்லிமீட்டர் விழுகிறது. ஈர்ப்பு தூரத்தின் இருமடிக்குத் தலைகீழாகக் குறைகிறது என்றால், 60 மடங்கு தொலைவில் அது 3,600இல் ஒரு பங்காக இருக்க வேண்டும். 4.9 மீட்டரை 3,600ஆல் வகுத்துப் பாருங்கள்: 1.36 மில்லிமீட்டர். மரத்திலிருந்து விழும் காயையும் வானத்து நிலாவையும் ஒரே விதி ஆள்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை. வானுலகுக்கு ஒரு சட்டம், மண்ணுலகுக்கு ஒரு சட்டம் என்று ஈராயிரம் ஆண்டுகளாக நிலவிய எண்ணத்தை ஒரு வகுத்தல் கணக்கு முடித்துவைத்தது.

இப்போது மையவிலக்கு விசை. "ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது, மையவிலக்கு விசை வெளியே தள்ளுகிறது, இரண்டும் சமமாக இருப்பதால் செயற்கைக்கோள் விழாமல் நிற்கிறது." இந்த விளக்கத்தைத் தரையில் நின்று பார்ப்பவராக நீங்கள் சொன்னால் அது தவறு. இரண்டு விசைகள் ஒன்றையொன்று ஈடுகட்டினால் நிகர விசை சுழியம். நிகர விசை இல்லாத பொருள் நியூட்டனின் முதல் விதிப்படி நேர்கோட்டில் போகும், வளையவே வளையாது. வளைகிறது என்பதே ஈடுகட்டப்படாத விசை ஒன்று இருப்பதற்கு அடையாளம். சங்கப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண்கள் சுழற்றும் கவணை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லின் மேல் செயல்படும் விசை கயிற்றின் இழுப்பு, அது கையை நோக்கி. விட்டதும் கல் மையத்திலிருந்து விலகி ஆரத்தின் வழியே பாய்வதில்லை; விட்ட கணத்தில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தத் தொடுகோட்டில் போகிறது. அந்தக் கணம் வரை வட்ட இயக்கம், அதன் பிறகு எறிபொருள் இயக்கம். வெளியே தள்ளும் விசை ஒன்று உண்மையில் இருந்திருந்தால் அது ஆரத்தின் வழியே அல்லவா போயிருக்க வேண்டும்?

அப்படியானால் கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்பும்போது நம்மை வெளிப்பக்கம் தள்ளுவது எது? நம் உடல் நேரே போகப் பார்க்கிறது, பேருந்து உள்ளே திரும்புகிறது. பேருந்தோடு சேர்ந்து திரும்பும் நம் கண்ணுக்கு அது வெளித்தள்ளலாகத் தெரிகிறது. சுழலும் சட்டகத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுபவர் மையவிலக்கு விசையைப் போலி விசையாகச் சேர்த்துக்கொள்ளலாம், சேர்த்தே ஆகவும் வேண்டும்; அப்போது சமநிலை என்று சொல்வதும் சரிதான். பொறியாளர்கள் நாள்தோறும் செய்வது அது. தவறு எங்கே வருகிறது என்றால், எந்தச் சட்டகம் என்று சொல்லாமல் இரண்டையும் கலக்கும்போது. தேர்வில் படம் வரையச் சொன்னால் துணைக்கோளுக்கு ஒரே ஒரு அம்புக்குறி போடுங்கள், பூமியின் மையத்தை நோக்கி.

எடையின்மையும் இதோடு சேர்ந்ததே. 2025 ஜூன் மாதம் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். அவரும் நிலையமும் கையிலிருந்த பொருளும் ஒரே முடுக்கத்தில் சேர்ந்து விழுந்துகொண்டிருந்தார்கள். தாங்கிப் பிடிக்கும் தரை இல்லை, அதனால் எடை உணர்வு இல்லை. நொடிக்கு 4.3 மீட்டர் விழுகிறார், அதே நொடியில் 7.66 கிலோமீட்டர் முன்னே போகிறார்.

பரவளையமா நீள்வட்டமா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தப் பதிலில் நான் மிகவும் சொல்ல விரும்பிய பகுதி இதுதான். நீங்கள் எறியும் கல்லின் பாதை உண்மையில் பரவளையம் இல்லை. காற்றை மறந்துவிட்டால், அதுவும் நீள்வட்டத்தின் ஒரு துண்டு. அந்த நீள்வட்டத்தின் ஒரு குவியம், அதாவது அதன் வடிவத்தைத் தீர்மானிக்கும் இரண்டு உட்புள்ளிகளில் ஒன்று, பூமியின் மையத்தில் இருக்கிறது. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கிடையாக வீசிய கல்லை எடுத்துக்கொள்வோம். பூமியின் நிறை முழுவதும் மையத்தில் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிட்டது, தரை குறுக்கே நிற்கவில்லை என்று கற்பனை செய்யுங்கள். கல் கீழே கீழே போய், மையப்புள்ளியைச் சுமார் 20 மீட்டர் இடைவெளியில் ஒரு வெட்டு வெட்டித் திரும்பி, மறுபடி மேலேறி, 30 நிமிடத்தில் வீசிய இடத்துக்கே வந்துவிடும். 6,371 கிலோமீட்டர் நீளமும் சுமார் 23 கிலோமீட்டர் அகலமும் கொண்ட, ஊசி போன்ற நீள்வட்டம் அது. நாம் பார்ப்பது அந்த ஊசியின் மேல்நுனியில் சில மீட்டர் மட்டும். மீதியைத் தரை தடுத்துவிடுகிறது.

அந்த 20 மீட்டர் எங்கிருந்து வந்தது? வேகத்தின் இருமடியை ஈர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்துப் பாருங்கள்: 400ஐ 19.6ஆல் வகுத்தால் 20.4. இப்போது எறிபொருள் பாடத்துக்குத் திரும்பி, அந்தப் பரவளையத்தின் குவியம் உச்சியிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று கணக்கிடுங்கள். அதே 20.4 மீட்டர். இது தற்செயல் இல்லை. நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள். ஒன்று பூமியின் மையம், மற்றொன்று மேல்நுனிக்கு அருகே, உங்கள் காலடிக்குச் சில மீட்டர் கீழே. நீள்வட்டம் சமச்சீரானது என்பதால் மேல்நுனிக்கும் மேல்குவியத்துக்கும் உள்ள தூரம், கீழ்நுனிக்கும் பூமியின் மையத்துக்கும் உள்ள தூரத்துக்குச் சமம். கலிலியோவின் பரவளையம் என்பது, கீழே உள்ள குவியம் முடிவிலிக்குப் போய்விட்டதாக எண்ணிக்கொண்டால் கிடைக்கும் வடிவம். ஈர்ப்பின் கோடுகள் இணையானவை என்று அனுமானிப்பதும், பூமியின் மையம் முடிவில்லாத் தொலைவில் இருக்கிறது என்று அனுமானிப்பதும் ஒன்றேதான்.

வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் இந்த ஊசி பருக்கிறது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் வரும்போது பரவளையச் சூத்திரம் உதவாது, நீள்வட்டமே போட வேண்டும். 7.9 கிலோமீட்டரில் இரண்டு குவியங்களும் ஒன்றாகி நீள்வட்டம் வட்டமாகிறது. அதைத் தாண்டினால் மறுபடி நீள்வட்டம், ஆனால் இப்போது வீசிய இடம் பூமிக்கு மிக அருகே உள்ள முனை. நொடிக்கு 11.2 கிலோமீட்டரில், அதாவது வட்ட வேகத்தின் 1.414 மடங்கில், நீள்வட்டம் திறந்துகொள்கிறது. அதுவே விடுபடு வேகம். அங்கே வரும் பாதைதான் துல்லியமான, உண்மையான பரவளையம். அதற்கும் மேலே அதிபரவளையம். ஆக மூன்று பாதை இல்லை. ஒரே குடும்பம், வேகம் என்ற ஒரு திருகைத் திருப்பத் திருப்ப வடிவம் மாறுகிறது.

சந்திரயான்-3 இந்தத் திருகை எப்படிப் பயன்படுத்தியது என்று பார்க்கலாம். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்தப் பயணம் 2023 ஜூலை 14 அன்று கிளம்பியது. முதல்முறை உயர்த்தியதும் பாதை 173 கிலோமீட்டருக்கும் 41,762 கிலோமீட்டருக்கும் இடையே ஒரு நீள்வட்டம். பூமிக்கு அருகே வரும்போது வேகம் நொடிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல்; தொலைவில் போகும்போது ஒன்றரைக்கும் குறைவு. பெரும்பாலும் பூமிக்கு மிக அருகே வரும் இடத்தில்தான் இயந்திரத்தை இயக்கினார்கள். அங்கே கொடுக்கும் கூடுதல் வேகம் அந்த இடத்தின் உயரத்தை ஏறக்குறைய மாற்றுவதில்லை. எதிர்முனையை வெளியே தள்ளுகிறது. அதோடு, வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது சேர்க்கும் ஒவ்வொரு மீட்டர் வேகத்துக்கும் கிடைக்கும் ஆற்றல் அதிகம், ஏனென்றால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஜூலை 25 அன்று எதிர்முனை 1,27,609 கிலோமீட்டருக்குப் போயிருந்தது. ஆகஸ்ட் 1 அன்று கொடுத்த உந்தலில் அது நிலாவின் பாதையை எட்டியது. நிலாவை நோக்கி நேராகக் குறிவைத்துப் பாயவில்லை; நிலா வந்து சேரப்போகும் இடம் வரை நீள்வட்டத்தை நீட்டிக்கொண்டே போனார்கள்.

சுற்றுப்பாதையில் நம் தரைப் பழக்கம் முற்றிலும் தலைகீழாகும் இடம் ஒன்று உண்டு. 1965 ஜூனில் ஜெமினி 4 விண்கலத்தில் சென்ற ஜேம்ஸ் மெக்டிவிட், தம்மை ஏற்றிவந்த ராக்கெட்டின் காலியான மேலடுக்கை நெருங்கப் பார்த்தார். அதை நோக்கி உந்தினார். அது விலகிப் போனது. மறுபடி உந்தினார், மேலும் சிக்கலானது. எரிபொருள் கரைந்ததால் முயற்சியைக் கைவிட்டார்கள். காரணம், முன்னே போகும் ஒன்றைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால் உங்கள் பாதை உயர்கிறது, உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு நேரம் அதிகம், நீங்கள் பின்தங்குவீர்கள். பிடிக்க வேண்டுமானால் முதலில் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்கி, அங்கே விரைவாகச் சுற்றி முந்தி, பிறகு மேலேற வேண்டும். இதே தர்க்கத்தால், காற்றின் மெல்லிய உரசலில் ஆற்றலை இழக்கும் செயற்கைக்கோளின் வேகம் குறைவதில்லை, கூடுகிறது. இறங்கும்போது கிடைக்கும் ஆற்றலில் ஒரு பாதி வெப்பமாகப் போக, மறுபாதி வேகமாகச் சேர்கிறது. 1957 அக்டோபர் 4 அன்று ஏவப்பட்ட ஸ்புட்னிக் அப்படித்தான் வேகம் கூடிக்கூடித் தாழ்ந்து, 1958 ஜனவரியில் எரிந்து மறைந்தது. ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் 2024 டிசம்பர் 30 அன்று சேர்த்து ஏவப்பட்ட இரண்டு சிறிய செயற்கைக்கோள்களை 2025 ஜனவரி 16 அன்று விண்ணில் இணைக்க இஸ்ரோ அவ்வளவு பொறுமையாக, சில கிலோமீட்டர், சில நூறு மீட்டர், சில மீட்டர் என்று நிறுத்தி நிறுத்தி நெருங்கியதற்கும் பின்னால் இந்த இயற்பியல் இருக்கிறது.

கடைசியாகக் கெப்ளரின் மூன்றாம் விதி, ஏனென்றால் அதைச் சூத்திரமாகப் படிப்பவர்கள் அதன் பலத்தை உணர்வதில்லை. சுற்றும் காலத்தின் இருமடி, தூரத்தின் மும்மடியைப் பொறுத்தது. பூமியின் நிறையோ ஈர்ப்பு மாறிலியோ தெரிய வேண்டியதில்லை. நிலாவை வைத்தே விண்வெளி நிலையத்தைக் கணக்கிடலாம். நிலா மையத்திலிருந்து 3,84,400 கிலோமீட்டர், நிலையம் ஏறத்தாழ 6,780. விகிதம் 56.7. அதை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 427. நிலாவின் 27.32 நாளை நிமிடங்களாக்கினால் 39,341. 427ஆல் வகுத்தால் 92 நிமிடம். நிலையம் உண்மையில் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது 92 முதல் 93 நிமிடம். இதையே திருப்பிப் போட்டு, 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்று வர வேண்டிய தொலைக்காட்சிச் செயற்கைக்கோள் மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும் என்று நீங்களே கண்டுபிடியுங்கள். 42,300 கிலோமீட்டர் அளவில் வரும். உண்மையான எண் 42,164. நிலநடுக்கோட்டு ஆரம் 6,378ஐக் கழித்தால் பாடநூலில் பார்த்திருக்கும் 35,786. அந்த நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம், நிலாவின் நிறை பூமியின் நிறையில் 81இல் ஒரு பங்கு என்பதும், அதை நாம் கணக்கில் விட்டுவிட்டோம் என்பதும்தான்.